செல்வநாதன் ஒரு குடிகாரரை உருவாக்கிய கதை

செல்வநாதன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். ஆனாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்போதே எழுதுவதில் தவறில்லை. எங்கள் கல்மண்டபத்து டீக்கடைகளில் அவரே அதை வாய்மொழியாக வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அவர் யாருக்கும் ஒரு நன்மை செய்ததாகத் தகவல் இல்லை. ஓய்வு பெற்ற கையோடு அவருக்குள் இரக்கம் சுரந்துவிட்டது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்காரப் பிடிக்காதவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், அல்லது இரக்கம் வரும். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையாலும் அவர் தயவில்லாமல் படிக்க முடியவில்லை.

பணம் இருப்பவர்களிடம் போய்ப் பணம் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்வது அவர் வேலை. நடுவில் ஒரு பைசா எடுக்கமாட்டார். இதை அவரே அடிக்கடி சொல்வார். பைசா எடுப்பவனைக்கூட மன்னித்துவிடலாம், அவனுக்கு ஏதோ தேவை. செல்வநாதன் எடுப்பது படம். அவர் படிக்கவைத்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அவர் கை பிள்ளையின் தலைமேல் இருக்கும், தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல. அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க இந்தத் தலைகள்தாம். அவருடைய கல்யாணப் படத்துக்கு இடமில்லாமல் அது அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

அவருக்கென்று ஒரு தொழில்முறை உண்டு. அதற்கு 'வீட்டைத் தயார் பண்றது' என்று பேர். உதவி செய்கிறவர்கள் வீட்டைப் பார்க்க வருவதற்கு முன்னால் இவர் ஒருமுறை வந்து பார்ப்பார். ஃப்ரிட்ஜ் இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும். டைல்ஸ் தரைமேல் கோரைப்பாய் விரியும். டிவிமேல் பழைய சேலை விழும். "குடுக்கறவங்க மனசு நோகக் கூடாதுப்பா" என்பார். ஏழ்மையைப் பார்க்க அண்ணா நகரிலிருந்து காரில் வருகிறவர்கள் ஒரு ஃப்ரிட்ஜைப் பார்த்தால் மனம் நொந்துபோவார்களாம். எங்கள் தெருவில் நாலு பேர் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் வீடு மாறுகிறார்கள் என்று நினைப்பதில்லை. "எந்த வூட்டுக்கு கார்ல பெர்சு வருது?" என்றுதான் கேட்பார்கள்.

எங்களுக்கு அடுத்த வீடு அருள்நாதனுடையது. அவர் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். அங்கே காலையில் உள்ளே நுழையும் வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் வாசலில் ஒரு கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் அது கத்தும். அருள்நாதன் ஊதி அது ஒருநாளும் கத்தியதில்லை. அவருக்கு அந்த வழக்கமே கிடையாது. பீடி, சீட்டு எதுவும் இல்லை. பேச்சுகூட அதிகம் இல்லை. இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்தாலே சிலருக்கு எதையாவது செய்துபார்க்கத் தோன்றும்.

அவர் மனைவி ஜானட் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். ஒரே மகள் ஆன்சி. அவளை மாதா கோயில் பங்கு நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கவைத்ததுதான் அருள்நாதன் வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரம். அதற்கான தண்டனை பின்னால் வந்தது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டியிருக்கும். ஆன்சி நன்றாகப் படித்தாள். ஊரெல்லாம் வாழ்த்தியது. தனியார் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. முதல் வருடக் கட்டணத்தை ஜானட்டின் கழுத்தும் காதும் கட்டின. இரண்டாம் வருடத்துக்குக் கட்ட அவளிடம் உறுப்பு மிச்சமில்லை. வங்கியில் ஜாமீனாகச் சொத்து கேட்டார்கள். கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அவர்களும் மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர்கள்தான்.

அப்போதுதான் செல்வநாதன் உள்ளே வந்தார். அண்ணா நகரில் ஒரு டிரஸ்ட் இருக்கிறது, மொத்தக் கட்டணத்தையும் கடைசி வருடம் வரை கட்டுவார்கள் என்றார். வீடு முழுக்க அவரைத் தெய்வம்போலப் பார்த்தது. அவர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆனா அருளு, உங்கிட்ட ஒரே ஒரு குறை கீது. நீ குடிக்கறதில்ல."

"சார்?"

"டிரஸ்ட் நடத்தற அம்மாவோட அண்ணன் குடிச்சே செத்துட்டாரு. அவர் பேர்லதான் டிரஸ்ட். குடியால பாழான குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் செய்வாங்க. உங்க வூட்ல எல்லாம் இருக்கு. கஷ்டம் இருக்கு, மார்க்கு இருக்கு. அது ஒண்ணுதான் இல்ல."

ஆன்சிக்குத்தான் முதலில் புரிந்தது. "சார், அது ஒரு குடிகாரன் பொண்ணுக்கு போவ வேண்டிய காசு சார்."

"எந்தக் குடிகாரன் பொண்ணும்மா இந்தத் தெருவுல மெடிக்கல் சீட் வாங்கிகினு வந்து நிக்குது? காட்டு, அதுக்கு வாங்கிக் குடுக்கறேன்."

"ஃப்ரெடி அங்கிள் பொண்ணு நர்சிங் படிக்கணும்னு உங்ககிட்ட கேட்டுச்சே."

"நர்சிங்கா?" என்று செல்வநாதன் சிரித்தார். "டாக்டர்னாதாம்மா அவங்களுக்குக் கண்ணு கலங்கும்." அந்தப் பெண்ணுக்காக அவர் டிரஸ்டில் வாயைத் திறந்துகூடக் கேட்டதில்லை. ஊசி போடும் நர்சின் தலைமேல் கைவைத்து எடுத்த படம் சுவரில் எடுபடாது.

ஜானட் உள்ளேயிருந்து வந்தாள். "சார், குடிகாரன் பொண்டாட்டின்ற பேரு மட்டும் எனக்கு வேணாம் சார். இத்தினி வருசமா இந்தத் தெரு பொம்பளைங்க என்னைப் பாத்து வயிறெரிஞ்சிகினு கீறாங்கோ. எங்கிட்ட மிச்சம் கீறது அது ஒண்ணுதான்."

அருள்நாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னைவிடச் சமர்த்தான ஒருவர் சொல்லிக்கொடுத்ததுபோலப் பேசினார். "நடிக்கறதுல இன்னாம்மா பாவம்? குடிக்கறவன்லாம் குடிக்காத மாதிரி வூட்ல நடிக்கறான். நா ஒரு நாளு திருப்பி நடிக்கறேன். ஒரு நாளுதான சார்?"

"ஒரு மணி நேரம்" என்றார் செல்வநாதன்.

நடிப்புச் சொல்லிக்கொடுக்க எங்கள் தெருவின் நிரந்தரக் குடிகாரன் ஃப்ரெடியைத்தான் கூப்பிட்டார்கள். தன் மகளுக்குப் போயிருக்க வேண்டிய பணத்துக்கு ஃப்ரெடி வாத்தியாராக வந்தான் என்பது அன்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பான், கூலி ஒரு குவார்ட்டர். அருள்நாதன் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளாடிக் காட்டினார். ஃப்ரெடிக்கு முகம் சுண்டிவிட்டது.

"இன்னா மாமு இது? இப்டியா நாங்க நடக்கறோம்? ஜல்ப்பு புட்ச்ச கோயி மாதிரி கீது. வூட்டுக்கு பெரிய மன்சங்க வந்தா எவன் தள்ளாடுவான்? வெறப்பா நிப்பான். 'வாங்க மேடம், ஒக்காருங்க மேடம்'னு நூறு வாட்டி சொல்லுவான். அதான் குடி."

"அதெல்லாம் வேணாம்" என்றார் செல்வநாதன். "படுத்துக்கினு உளறச் சொல்லு. பார்த்தவுடனே தெரியணும்."

"நீ சினிமாவுக்கு பேசற சார். நா வாய்க்கைக்கு பேசறேன்" என்று சொல்லிவிட்டு ஃப்ரெடி தன் கூலியோடு எழுந்து போய்விட்டான். அந்த அறையில் அன்று தன்மானத்தோடு வெளியேறியவன் அவன் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டிரஸ்ட் அம்மா வந்தார். ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டில் நின்றது. அருள்நாதன் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் கைலியோடு கிடந்தார். சட்டையில் பிராந்தி தெளிக்கப்பட்டிருந்தது. செல்வநாதன் அதைத் தன் கையாலேயே தெளித்தார், மந்திரித்த தண்ணீரைத் தெளிப்பதுபோல. ஜானட் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. வெட்கத்தில் அப்படி நின்றாள். அந்த அம்மாவுக்கு அது பயத்தில் நிற்பதாகத் தெரிந்திருக்கும். நானும் தெருக்காரர்கள் சிலரும் வாசலில் நின்றோம்.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல், பட்டுச்சேலையோடு தரையில் அருள்நாதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏன்பா இப்படி உடம்பைக் கெடுத்துக்கறீங்க? இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?"

செல்வநாதன் சொல்லிக்கொடுத்த உளறல் எதுவும் அருள்நாதன் வாயில் வரவில்லை. காரில் வந்த ஒருவர் அவர் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. அவர் அழுதுவிட்டார். நிஜமான அழுகை. ஃப்ரெடி வாசலில் என் காதுக்குள், "அப்டி போடு, மாமு கலக்கறான்" என்றான்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இந்தப் பொண்ணு படிப்பு முழுக்க எங்க பொறுப்பு. ஆனா ஒரு கண்டிஷன். புழல் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்க மறுவாழ்வு இல்லம் இருக்கு. இவர் ரெண்டு மாசம் அங்க இருக்கணும். அப்பா குணமாகலன்னா பொண்ணு எப்படி நிம்மதியா படிப்பா?"

"ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார் செல்வநாதன். இன்னொருவருடைய இரண்டு மாதத்தை அவ்வளவு வேகமாகக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை.

அருள்நாதன் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், நா குடிக்கமாட்டேன் மேடம்."

"எங்க அண்ணனும் இதையேதான் சொன்னார்."

"சத்தியமா மேடம். மாதா சத்தியமா. யார்டுல டெய்லி ஊதறேன் மேடம்."

"அவரும் சத்தியம் பண்ணுவார்பா" என்றார் அந்த அம்மாள், அவ்வளவு அன்பாக. பிராந்தி நாற்றம் அடிக்கும் சட்டையோடு நான் குடிக்கமாட்டேன் என்று சொல்கிறவனை உலகத்தில் யாராலும் நம்ப முடியாது. இதை யோசிக்கிற அளவுக்குச் செல்வநாதனுக்கு மூளை இல்லை. அருள்நாதனுக்குப் பழக்கம் இல்லை.

அம்மாள் ஆன்சியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. டாக்டராகப் போறவ நீ. அப்பாவுக்குச் சிகிச்சை வேணுமா, வேணாமா?"

ஆன்சி அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். உண்மையைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம், படிப்பு அன்றே முடிந்திருக்கும். பொய்யைச் சொன்னால் படிப்பு தொடரும். அவள் முகம் வாய்மொழித் தேர்வில் நிற்கிற பெண்ணின் முகமாக மாறியது.

"வேணும் மேடம்" என்றாள்.

கல்லூரியில் கற்றதை வீட்டில் அவள் பயன்படுத்தியது அதுதான் முதல் முறை. ஒரு நோயும் இல்லாத மனிதருக்கு நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தாள். செல்வநாதன் அவள் தலைமேல் கை வைத்தார். யாரோ படம் எடுத்தார்கள்.

அருள்நாதன் புழலுக்குப் போய்விட்டார் என்றதும் தெருமுனையில் பாதிப்பேர் அங்கிருக்கும் சிறைக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். "புழலா? அருளா? இன்னா கேஸு?" என்று மீன்காரப் பூவம்மா வீட்டுக்கே வந்து விசாரித்தாள். "குடி" என்று ஜானட் சொன்னதும், "அடச்சே, அதுக்கு கேஸே தேவலாம்" என்று போய்விட்டாள்.

இல்லத்தில் அருள்நாதனைக் கொண்டாடினார்கள். கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, கத்தவில்லை. சாராயம் விட்ட மறுநாளே இப்படிச் சாதம் சாப்பிடும் ஆளை அங்கிருந்த மருத்துவர் பார்த்ததில்லையாம். மற்ற நோயாளிகளுக்கு அவரை உதாரணமாகக் காட்டினார்கள். அவரைப் பார்த்து நிஜக் குடிகாரர்கள் தங்களுக்கு மன உறுதி இல்லை என்று அழுதார்களாம்.

ஆன்சியின் கட்டணம் கட்டப்பட்டது. பரீட்சையும் எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் நல்லவர் என்று சொன்னேனே. வேலைக்குப் போகாமல் இருக்கும் மனிதருடைய வேலை போய்விடக் கூடாது என்று அவராகவே யார்டு முதலாளிக்கு ஃபோன் செய்தார். "உங்க அருள்நாதன் குடிநோய்க்கு எங்ககிட்ட சிகிச்சையில இருக்கார். தயவுசெய்து அவரை வேலைய விட்டு நீக்கிடாதீங்க."

குடிகாரனை யார் ஃபோர்க்லிஃப்டில் ஏற்றுவார்கள்? இத்தனை வருடம் ஊதிய ஊதலெல்லாம் ஒரு ஃபோனில் காற்றோடு போனது. திரும்பி வந்தவருக்கு யார்டைப் பெருக்கும் வேலை வேண்டுமானால் தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்று வந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான், அதுவும் தப்பான இடத்தில்.

செல்வநாதன் மனம் தளரவில்லை. அவருடைய மனம் பிறர் காலில் நிற்பது, அதனால் தளராது. டிரஸ்ட் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் திருந்திய குடிகாரர் ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அருள்நாதனை மேடையேற்றினார். போகவரச் செலவும் கையில் கொஞ்சமும் கொடுத்தார்கள். வியாசர்பாடி, மணலி, மாதவரம் என்று வண்டி சுற்றியது. முதல் கூட்டத்தில் அருள்நாதன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கூட்டம் அதைக் குற்ற உணர்வு என்று நினைத்துக் கைதட்டியது. அப்புறம் பழகிவிட்டார். இல்லத்தில் இரவெல்லாம் மற்றவர்கள் சொன்ன கதைகளைத் தன் கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். எண்ணூர் பக்கம் ஒரு ஆலை வாசலில் அவர் பேசி நான் ஒருமுறை கேட்டேன். பாலத்தடியில் விழுந்துகிடந்ததை எவ்வளவு துல்லியமாகச் சொன்னார் என்றால், அந்தச் சேற்றின் நாற்றம் எனக்கே அடித்தது. பேசத் தெரியாத மனிதருக்குப் பொய்யில் பேச்சு வந்துவிட்டது.

போன மாதம் ஒவைஸ் வந்தார். யார்டில் சூப்பர்வைசர், அருள்நாதனோடு வேலைக்குச் சேர்ந்தவர். ஆன்சியும் அன்று விடுதியிலிருந்து வந்திருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தான். பேசினால் கேட்கும்.

"தோஸ்து, நீ குடிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார் ஒவைஸ். "மொதலாளியாண்ட நா பேசிட்டேன். அந்த டிரஸ்ட் அம்மா, 'தப்பா சொல்லிட்டேன், இவன் குடிகாரன் இல்ல'ன்னு ஒரு வார்த்த ஃபோன்ல சொல்லட்டும். நாளைக்கே வண்டில ஏறு. புதுசா வந்தவன் ரெண்டு பாலெட்டு சரக்க கவுத்துட்டான். வண்டி உன்ன தேடிகினு கீது."

அவர் கிளம்பிப் போனார். பிறகு அருள்நாதன் குரல் கேட்டது. "இன்னாம்மா சொல்ற?"

டாக்டரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அந்த மேடமாண்ட சொன்னா, கட்டுன காசையும் திருப்பிக் கேப்பாங்கப்பா" என்றாள் ஆன்சி.

"கேப்பாங்க."

"இன்னும் மூணு வருஷம்தான்ப்பா. அப்பால நானே போயி சொல்றேன். எங்கப்பா குடிச்சதே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். காச சம்பாரிச்சு அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

"சரிம்மா."

"கோவமாப்பா?"

"இன்னாத்துக்கு கோவம்? மூணு வருஷம்தான்."

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அழுகை என்பது அந்த வீட்டில் எதையும் நிறுத்தியதில்லை.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, நானும் எட்டிப்பார்த்தேன். செல்வநாதன் இறங்கக்கூட இல்லை. கம்பிக் கதவு வழியாகவே குரல் கொடுத்தார்.

"அருளு, மாதவரத்துல மீட்டிங்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கினு வா. அப்பறம், போன தடவ பொண்டாட்டிய அடிச்சத நீ சொல்லவே இல்ல."

"நா அடிச்சதே இல்ல சார்" என்று அருள்நாதன் எழுந்து வாசலுக்கு வந்தார். "அத்த வுட்டுடலாம் சார்."

"இன்னாப்பா நீ, அதுலதான் பொம்பளைங்க அழறாங்க. அந்த அம்மாவும் முன்னாடி வரிசையில ஒக்காந்திருப்பாங்க. மூணாவது வருஷ ஃபீஸு இன்னும் வரல, ஞாபகம் கீதா?"

அருள்நாதன் திரும்பி ஜானட்டைப் பார்த்தார். அவள் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, உதறி, அவர் தோளில் போட்டாள்.

"இன்னா வேணா சொல்லிக்கோ" என்றாள். "எங் கைய ஒடச்சேன்னு மட்டும் சொல்லாத. நாளைக்கு ஷெட்டுல எறா உரிக்கணும்."